ஒரு வருடம் கிரேக்கம், அப்புறம் பூட்ஸ்

அமெரிக்காவில் பெரிய சபை எதிலாவது போதகர் ஆக வேண்டுமென்றால் கல்லூரிப் பட்டத்தோடு விடமாட்டார்கள். அதற்கு மேல் செமினரியில் மூன்று வருடம் படிக்க வேண்டும். "ஜெபம் பண்ணத் தெரிஞ்சா போதாதா, இதுக்கு எதுக்கு மூணு வருஷம்?" என்று கேட்கிற சபைகளும் அங்கே உண்டு. ராணுவம் அப்படிக் கேட்பதில்லை. ராணுவத்தில் போதகராகச் சேர வேண்டுமா, பட்டம் கட்டாயம். முதுகலை அளவில் குறைந்தது 72 கிரெடிட் படித்திருக்க வேண்டும். கூடவே ஒரு சபை, "இவர் எங்கள் ஆள், எங்கள் சார்பில் அனுப்புகிறோம்" என்று எழுதித் தர வேண்டும்.

இப்படிப் படையோடு இருக்கும் போதகருக்குத்தான் சாப்ளின் என்று பெயர். (சார்லி சாப்ளினுக்கும் இவருக்கும் சம்பந்தம் கிடையாது. கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்!) பாதிரியார் மட்டுமல்ல, யூத ரபி, முஸ்லிம் இமாம், பௌத்தர், இந்து எல்லாருக்கும் அங்கே அதே பெயர்தான். கேப்டனோ கர்னலோ, சட்டையில் என்ன ரேங்க் குத்தியிருந்தாலும் கூப்பிடுவது "சாப்ளின்" என்றுதான்.

இங்கே சொல்லப்படுகிற மாணவன் அந்த மூன்று வருடத்தில் ஒன்றை முடித்திருக்கிறான். ஒகையோ மாநிலத்துக்காரன், மெதடிஸ்ட் சபை, வயது இருபத்து நாலு. பெயர் வேண்டாம். கோடை விடுமுறைக்கு செமினரி மூடியதும் மற்றவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். அவன் தென் கரோலினாவில் இருக்கிற ஃபோர்ட் ஜாக்சனுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறான். தரைப்படையின் சாப்ளின் பள்ளி அங்கேதான் இருக்கிறது. படிக்கும்போதே சேர்கிறவர்களுக்கு "சாப்ளின் கேண்டிடேட்" என்று பெயர். செகண்ட் லெஃப்டினன்ட் பதவி தருவார்கள், அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ மூன்று மாதம். ஆனால் இன்னும் முழு சாப்ளின் இல்லை. போர்முனைக்கு அனுப்பமாட்டார்கள், எதைச் செய்தாலும் பக்கத்தில் ஒரு மூத்த சாப்ளின் இருக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் ஓட்டுநர் பள்ளி காரில் எல் போர்டு மாட்டிக்கொண்டு போவது மாதிரி.

முதல் வருடம் என்ன படித்தான்? கிரேக்கம். பழைய ஏற்பாட்டு அறிமுகம். சபை வரலாறு. பிரசங்கக் கலை. செமினரிக்கு வருகிற பலருக்கும் முதல் வருடம் ஒரு அதிர்ச்சி வைத்தியம். சின்ன வயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் படித்த கதைகளை எடுத்து, எந்த நூற்றாண்டில் யார் எழுதினார்கள், எத்தனை கைகள் பட்டிருக்கின்றன என்று துண்டு துண்டாகப் பிரித்துப் போடுவார்கள். அவனுடைய விசுவாசம் அதில் உடைந்துபோகவில்லை. ஆனால் பதில்களின் எண்ணிக்கை குறைந்து கேள்விகளின் எண்ணிக்கை கூடியது. செப்டம்பரில் வந்தபோது துன்பத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் பண்ணியிருப்பான். மே மாதத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

சபை வரலாற்று வகுப்பில்தான் ஒரு விஷயம் அவனைப் பிடித்துக்கொண்டது. சாப்ளின் என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? நாலாம் நூற்றாண்டில் மார்ட்டின் என்று ஒரு ரோமப் படைவீரன். இன்றைய பிரான்சில் இருக்கிற அமியான் நகர வாசலில், குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த பிச்சைக்காரன் ஒருவனுக்குத் தன் மேலங்கியைக் கத்தியால் இரண்டாக வெட்டி ஒரு பாதியைக் கொடுத்தான். மிச்சப் பாதி பிற்காலத்தில் புனிதப் பொருளாகி, பிராங்கிய அரசர்கள் அதைப் போருக்கும் எடுத்துப்போனார்கள். லத்தீனில் அந்த அங்கிக்குக் கப்பா என்று பெயர். அதைக் காத்த குருக்கள் கப்பெல்லானி. அதுதான் தேய்ந்து சாப்ளின் ஆயிற்று. சர்ச்சில் சேப்பல் என்று சொல்கிறார்களே, அதுவும் அதே சொல்தான்.

இதில் வேடிக்கை, அந்த மார்ட்டின் பிறகு ராணுவத்தை விட்டே போய்விட்டார் என்பதுதான். கிறிஸ்துவின் சேவகனாகிவிட்டேன், இனிப் போரிடுவது எனக்குத் தகாது என்று சொல்லி ஆயுதத்தைக் கீழே வைத்ததாக அவருடைய வரலாறு சொல்கிறது. போரே வேண்டாமென்று போன மனிதரின் போர்வையைப் போர்க்களத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்! சாப்ளின் வேலையின் மொத்தச் சிக்கலும் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. மெதடிஸ்ட் சபையும் இதற்கு விலக்கல்ல. போர் கிறிஸ்துவின் போதனைக்கு ஒவ்வாதது என்று தன் சமூகக் கொள்கையில் நெடுங்காலமாக எழுதிவைத்திருக்கிற சபை அது. படைக்குச் சாப்ளின்களை அனுப்புவதும் அதே சபைதான்.

செமினரி மெஸ்ஸில் இதைப் பற்றி விவாதம் நடக்காத வாரம் கிடையாது. மெனனைட் சபையைச் சேர்ந்த வகுப்புத் தோழன் ஒருவன் இருந்தான். அவர்கள் பரம்பரையாகவே ஆயுதம் தொடாதவர்கள். அவன் கேட்டது எளிமையான கேள்வி. "சிப்பாய்க்கு ஆறுதல் சொல்லப் போறேங்கறே. சரி. நீ ஆறுதல் சொன்னதுனால அவன் மறுநாள் நல்லா சுடுவான்னா, அது யாருக்குச் செஞ்ச ஊழியம்?" ஒகையோக்காரன் சொன்ன பதில், "நான் போகலைன்னா அவன் சுடாம இருந்துடுவானா? தனியா இருப்பான், அவ்வளவுதானே." இரண்டு பேரும் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு பதிலிலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் தொல்லை.

இந்தக் கேள்வி கோர்ட்டுக்கும் போயிருக்கிறது, வேறு உருவத்தில். 1979இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் வழக்குப் போட்டார்கள். அரசும் மதமும் தனித்தனி என்று அரசியல் சட்டம் சொல்லும்போது, போதகருக்கு அரசாங்கம் எப்படிச் சம்பளம் தரலாம் என்று. (படிக்கிற வயதில் ராணுவத்தின் மேல் கேஸ்! பரீட்சைக்கு எப்போது படித்தார்களோ.) 1985இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சாப்ளின் முறை செல்லும் என்றது. காரணம் சுவாரசியமானது. சிப்பாயை வீட்டிலிருந்தும் ஊரிலிருந்தும் சர்ச்சிலிருந்தும் பிரித்து எங்கோ கொண்டுபோய் நிறுத்துவது அரசாங்கம். அப்படியானால் அவன் வழிபடுவதற்கு வழிசெய்து தருவதும் அரசாங்கத்தின் கடமை. அதாவது சாப்ளின் இருப்பது சபைக்காக இல்லை, ராணுவத்துக்காகக்கூட இல்லை, அந்தச் சிப்பாயின் உரிமைக்காக. முதல் வருடத்தில் படித்த எந்த இறையியல் புத்தகத்தை விடவும் இந்தத் தீர்ப்பு அவனுக்குத் தெளிவாக இருந்தது.

ஆனால் அதிலிருந்து கிளம்பும் விளைவுகள் லேசானவை இல்லை. மெதடிஸ்ட் சாப்ளினுடைய பட்டாலியனில் மெதடிஸ்ட்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான் இருப்பார்கள். கத்தோலிக்கர், பாப்டிஸ்ட், மார்மன், முஸ்லிம், எதையுமே நம்பாதவர் என்று மற்ற எல்லாரும் இருப்பார்கள். கத்தோலிக்கருக்கு அவன் பூசை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஆனால் ஒரு கத்தோலிக்கக் குருவை எப்படியாவது அங்கே வரவழைக்க வேண்டியது அவன் பொறுப்பு. முஸ்லிம் சிப்பாய்க்கு ரமலான் மாதத்தில் விடியுமுன் சாப்பாடு கிடைக்கிறதா என்று பார்ப்பதும் அவன்தான். தன்னால் முடிந்ததைச் செய், முடியாததற்கு ஏற்பாடு செய். இதுதான் விதி. ஒரு வருடமாகத் தன் சபையின் சத்தியத்தைத் தெளிவாக எடுத்துச் சொல்லப் பழகியவன், மூன்று மாதத்தில் அடுத்தவர் சத்தியத்துக்கு நாற்காலி போட்டுக் கொடுக்கப் பழக வேண்டும்.

இந்த நிலைமைக்கு அமெரிக்க ராணுவம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1775 ஜூலை 29 அன்று சாப்ளின்களுக்குச் சம்பளம் என்று முடிவானபோது இருந்தவர்கள் எல்லாம் கிறிஸ்தவர்கள். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862இல்தான் சட்டத்தைத் திருத்தி யூத ரபிக்கு இடம் கொடுத்தார்கள். தரைப்படையின் முதல் பெண் சாப்ளின் 1974இல். முதல் முஸ்லிம் சாப்ளின் 1993இல். முதல் இந்து சாப்ளின் 2011இல், இந்தியாவில் பிறந்த பிரதிமா தர்ம் என்ற பெண்மணி. அவர் அதற்கு முன் கிறிஸ்தவ சாப்ளினாகவே ஈராக் போய் வந்தவர். பிறகு சின்மயா மிஷன் அவரைத் தன் சார்பில் அனுப்பியது. சாப்ளின்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னத்தில் சிலுவையும் பிறையும் தர்ம சக்கரமும் இருந்த வரிசையில் ஓம் சேர்ந்தது அப்போதுதான். (இந்திய ராணுவத்திலும் பண்டிதர், கிரந்தி, மௌல்வி, பாதிரியார் எல்லாரும் உண்டு. ஆனால் அங்கே அவர்கள் ஜே.சி.ஓ. ரேங்க், ஆபீசர் இல்லை. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

பொது ஜெபம் என்று வரும்போது சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. ஞாயிறு ஆராதனையில் தன் சபை முறைப்படி என்ன ஜெபமும் செய்யலாம், கேட்க ஆளில்லை. ஆனால் அணிவகுப்பில், பதவி மாற்ற விழாவில் எல்லாரும் கட்டாயமாக நின்றுகொண்டிருப்பார்கள். அங்கே "இயேசுவின் நாமத்தில்" என்று முடிப்பதா வேண்டாமா? முடித்தால் யூதச் சிப்பாய் தன் விருப்பமில்லாமல் இன்னொரு மதத்தின் ஜெபத்தில் நிற்கிறான். முடிக்காவிட்டால் ஜெபம் பண்ணுகிறவன் தன் மனசாட்சியைப் பாதி விழுங்குகிறான். அவனுடைய பிரசங்கக் கலைப் பேராசிரியர், யாரை நோக்கியும் இல்லாத ஜெபத்துக்கு உயிர் கிடையாது என்று வருடம் முழுக்கச் சொன்னவர். ராணுவக் கையேட்டின் தொனி வேறு. அவன் இப்போதைக்கு இரண்டுக்கும் நடுவில் பழகிப் பார்க்கிறான். "எங்களை உண்டாக்கினவரே" என்று ஆரம்பித்து ஆமென் என்று முடிப்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் வெறுமையாகவும் இருக்கிறது.

உடம்பைத் தயார் பண்ணுவது இதை விட எளிது. தரைப்படையின் உடற்தகுதித் தேர்வில் 2025 ஜூனிலிருந்து ஐந்து பகுதிகள். பாரம் தூக்குதல், கையைத் தரையிலிருந்து எடுத்து எடுத்துப் போடும் தண்டால், இழுத்தும் சுமந்தும் ஓடுவது, பிளாங்க், கடைசியில் இரண்டு மைல் ஓட்டம். பிப்ரவரி பனியிலிருந்தே ஓட ஆரம்பித்துவிட்டான். கிரேக்க வினைச்சொல் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே ஓடினால் மூச்சு சீராக வருகிறதாம்.

துப்பாக்கி மட்டும் கிடையாது. அமெரிக்கச் சாப்ளின் ஆயுதம் ஏந்தக்கூடாது. 1949ஆம் வருட ஜெனீவா உடன்படிக்கை, படையோடு இருக்கிற மதகுருக்களை மருத்துவர்களோடு சேர்த்துப் பாதுகாக்கப்பட வேண்டியவர்கள் என்கிறது. எதிரி பிடித்தாலும் அவர்கள் போர்க்கைதிகள் இல்லை, கைதிகளுக்கு ஊழியம் செய்வதற்காக வைத்துக்கொள்ளப்படுபவர்கள். கூடவே வரும் உதவியாளரிடம்தான் துப்பாக்கி இருக்கும். இருநூறு முந்நூறு பேர் இடுப்பிலும் தோளிலும் ஏதோ ஒன்று தொங்க, ஒரே ஒருவன் வெறுங்கையோடு நடக்கிறான். ரேங்க் உண்டு, ஆனால் அந்த ரேங்கை வைத்து யாருக்கும் கட்டளையிட முடியாது. அப்புறம் அவனிடம் என்னதான் இருக்கிறது?

ஒன்று இருக்கிறது. ரகசியம்.

சிப்பாய் ஒருவன் ராணுவ மனநல டாக்டரிடம் போனால், அவன் சொல்வதில் சிலவற்றை டாக்டர் மேலிடத்துக்குச் சொல்லியாக வேண்டிய நிலைமை வரும். சாப்ளினிடம் ஆன்மிக ஆலோசனைக்காகச் சொன்னது அவனுடைய அனுமதி இல்லாமல் வெளியே போகாது. கமாண்டர் கேட்டாலும், கோர்ட் கேட்டாலும். தற்கொலை பண்ணிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னால்கூட! இங்கே யாருக்கும் ஒரு நிமிடம் தூக்கிவாரிப் போடும். ஆனால் அந்தப் பூட்டு அத்தனை இறுக்கமாக இருப்பதால்தான் வேறெங்கும் வாய் திறக்காதவன் அங்கே வருகிறான். வந்தவனோடு உட்கார்ந்து, அவனாகவே "சரி, டாக்டர்ட்ட போலாம்" என்று சொல்லுகிற வரை பேச வேண்டும். ராத்திரி முழுக்க ஆனாலும் சரி. அவனைத் தனியே விட்டுவிட்டு எழுந்து போகக்கூடாது, யாரிடமும் போய்ச் சொல்லவும் கூடாது. முதல் வருட செமினரியில் இதற்குப் பாடம் கிடையாது. கிட்டத்தட்ட இதைக் கற்றுக்கொடுப்பது மருத்துவமனை ஊழியப் பயிற்சி, 400 மணி நேரம். அவன் வகுப்பில் பாதிப்பேர் இந்தக் கோடையில் அதற்குத்தான் போகிறார்கள். அவன் அதை அடுத்த கோடைக்குத் தள்ளிவைத்தான். அது தப்போ என்று அவனுக்கு ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

சாப்ளின் ஆகப் போகிற எல்லாரிடமும் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. எமில் கபான். கான்சாஸ் மாநிலத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த கத்தோலிக்கக் குரு. கொரியப் போரில் 1950 நவம்பர் தொடக்கத்தில் ஊன்சான் என்ற இடத்தில் அவருடைய படையைச் சீனப் படை சூழ்ந்துகொண்டது. தப்பிப்போக வழி இருந்தும் காயம்பட்டவர்களோடு தங்கிவிட்டார். பள்ளத்தில் கணுக்கால் உடைந்து கிடந்த ஒரு சார்ஜெண்டின் தலைக்கு நேரே ஒரு சீனச் சிப்பாய் துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருந்தான். கபான் நடந்துபோய் அந்தத் துப்பாக்கியைக் கையால் ஒதுக்கிவிட்டு, கிடந்தவரைத் தூக்கிக்கொண்டார். அவன் சுடவில்லை. ஏன் சுடவில்லை என்று யாருக்கும் தெரியாது. கைதி முகாமில் சாப்பாடு திருடிக் கொண்டுவந்து பங்கு போட்டார். தகரத்தை மடக்கிப் பாத்திரம் செய்து தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். 1951 மே 23 அன்று முகாமிலேயே இறந்தார். அதற்குப் பிறகு அங்கே வந்து சேர்ந்த ஒரு யூத விமானி, கபானைக் கண்ணால்கூடப் பார்க்காதவர், மற்றவர்கள் சொன்னதை மட்டும் கேட்டு மரத்தில் ஒரு சிலுவைச் சொரூபம் செதுக்கினார். 2013இல் அமெரிக்காவின் மிக உயர்ந்த பதக்கம் கபானுக்குக் கிடைத்தது. எலும்புகள் அவருடையவைதான் என்று உறுதியானது 2021இல்தான்.

இந்தக் கதையைக் கேட்டால் யாருக்குத்தான் சாப்ளின் ஆகத் தோன்றாது? அவனும் அப்படித்தான் ஆரம்பித்தான். ஆனால் சபை வரலாற்றுப் பேராசிரியர் கொடுத்த வாசிப்புப் பட்டியலில் வேறு சில பெயர்களும் இருந்தன.

1968 மார்ச் 16. வியட்நாமில் மை லாய் கிராமம். அமெரிக்கச் சிப்பாய்கள் பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் சுட்டுத் தள்ளினார்கள். வியட்நாம் கணக்குப்படி இறந்தவர்கள் 504 பேர். ஹெலிகாப்டர் விமானி ஹ்யூ தாம்சன் நடுவில் இறங்கிச் சிலரைக் காப்பாற்றினார். திரும்பி வந்ததும் மேலதிகாரிகளிடம் சொன்னார், தன் டிவிஷனின் சாப்ளின் ஒருவரிடமும் சொன்னார். அந்தச் சாப்ளின் நம்பினார். நம்பி என்ன செய்தார்? தனக்கு மேலே இருந்த சாப்ளினிடம் சொன்னார். விசாரணை நடக்கிறது என்று அங்கே பதில் கிடைத்தது. அவ்வளவுதான். விஷயம் உலகத்துக்குத் தெரிய 1969 நவம்பர் ஆயிற்று, அதுவும் ஒரு முன்னாள் சிப்பாயின் கடிதங்களாலும் ஒரு பத்திரிகையாளராலும்.

அந்தச் சாப்ளின் கெட்டவர் இல்லை. பொய் சொல்லவில்லை, மறைக்கவில்லை. முறைப்படி மேலே அனுப்பினார். முறை என்று ஒன்று இருக்கும்போது மனிதனுக்கு எவ்வளவு நிம்மதி! ஃபைல் நகர்ந்துவிட்டது, மனசாட்சியும் கூடவே நகர்ந்துவிடும். கோழையாகிவிடுவோமோ என்று அவன் பயப்படவில்லை, கபான் கதை அதற்குப் போதும். அவனுடைய பயம் இதுதான், ஒழுங்கான ஆபீசராகிவிடுவோமோ என்று.

ஜார்ஜ் ஜபெல்கா என்று இன்னொருவர். 1945இல் பசிபிக் கடலில் டினியன் தீவில் இருந்த கத்தோலிக்கச் சாப்ளின். ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு போட்ட விமானப் படைப்பிரிவுக்கு ஊழியம் செய்தவர். குண்டு என்ன குண்டு என்று முன்கூட்டி அவருக்குத் தெரியாது. ஆனால் ஜப்பானிய நகரங்கள் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது தெரியும். பொதுமக்களைக் கொல்வது பாவம் என்று ஒரு நாள்கூட அந்த விமானிகளிடம் பிரசங்கம் பண்ணவில்லை என்பதைப் பல வருடம் கழித்து அவரே வெளிப்படையாகச் சொல்லி வருந்தினார். நாகசாகியில் அழிந்த ஊரகாமி பேராலயம் அவருடைய சபையின் பேராலயம்தான். வயதான காலத்தில், 1980களில், சமாதானத்துக்காக நெடுந்தூரம் நடந்தார்.

எதிர்ப்பக்கத்தில் சார்லஸ் லிட்டெக்கி. 1967இல் வியட்நாமில் குண்டு மழைக்கு நடுவே 20 பேருக்கு மேல் சுமந்து வந்து காப்பாற்றியதற்காக கபானுக்குக் கிடைத்த அதே உயர்ந்த பதக்கத்தை வாங்கிய சாப்ளின். 1986இல், மத்திய அமெரிக்காவில் தன் நாடு செய்துகொண்டிருந்ததை எதிர்த்து, அந்தப் பதக்கத்தை வாஷிங்டனில் வியட்நாம் நினைவுச் சுவரின் அடியில் வைத்துவிட்டுப் போனார். ஆனால் அப்போது அவர் சீருடையில் இல்லை, குருவாகவும் இல்லை. வெளியே வந்த பிறகுதான் முடிந்தது. உள்ளே இருக்கும்போதே முடியுமா என்பதுதான் கேள்வி.

உள்ளே இருப்பவர் மேல் சந்தேகம் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பட்டியலில் ஒரு பெயர் இருந்தது. ஜேம்ஸ் யீ. ராணுவக் கல்லூரியில் படித்த அமெரிக்கர், இஸ்லாத்தைத் தழுவியவர், குவாண்டனாமோ சிறையில் முஸ்லிம் சாப்ளின். 2003 செப்டம்பரில் உளவு சந்தேகத்தில் கைதாகி 76 நாள் தனிமைச் சிறையில் இருந்தார். 2004இல் குற்றச்சாட்டுகள் எல்லாம் கைவிடப்பட்டன. கைதிகளுக்கு ஊழியம் செய்கிறவன் கைதிகளின் ஆள் என்று நினைக்கப்படுவதற்கு அதிக நேரம் பிடிப்பதில்லை.

சபையின் அனுமதிக் குழுவின் முன் உட்கார்ந்தபோது இதையெல்லாம் அவன் ஒளிக்கவில்லை. குழுவில் இருந்த ஓய்வுபெற்ற சாப்ளின் ஒருவர் கேட்டார், "இவ்வளவு யோசிக்கிறவன் எதுக்குப்பா அங்க போகணும்?" அவன் தீர்ப்பில் படித்ததைச் சொன்னான். பதினெட்டு வயதுப் பையனை எங்கோ கொண்டுபோய் நிறுத்துகிறார்கள், அவனோடு ஒருவன் நிற்க வேண்டும் என்று. அந்தப் பெரியவர் தலையாட்டிவிட்டு, படையில் சேரும் முன்பே ஒரு காரியம் செய்யச் சொன்னார். எந்தக் கட்டளை வந்தால், எதைப் பார்த்தால் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வெளியே வருவாய் என்பதை இப்போதே ஒரு தாளில் எழுதி, உன்னை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போ. அங்கே போன பிறகு அந்தக் கோடு நகரும், நகர்வது உனக்குத் தெரியாது.

ஃபோர்ட் ஜாக்சன் ராணுவத்தின் மிகப் பெரிய அடிப்படைப் பயிற்சி முகாம். ஞாயிற்றுக்கிழமை அங்கே சேப்பல்கள் நிரம்பி வழியும். ஊரில் சர்ச் வாசலைக்கூட மிதிக்காத பையன்கள் எல்லாம் வருவார்கள். பக்தி என்று நினைத்துவிட வேண்டாம். அந்த ஒரு மணி நேரம் டிரில் சார்ஜெண்ட் கத்தமாட்டார், குளிர்ந்த அறை, உட்கார நாற்காலி! பலர் தூங்குவார்கள். பிரசங்கம் பண்ணுகிறவருக்கு மனசு கஷ்டப்படலாம். ஆனால் தூங்கவிடுவதே நல்ல ஊழியம் என்று சொல்கிற மூத்த சாப்ளின்களும் உண்டு.

சாப்ளின் போய் நிற்கிற இடங்களில் கடினமானவை இரண்டு. ஒன்று, மரணச் செய்தி சொல்லப் போகும் அதிகாரியோடு ஒரு வீட்டு வாசலில் போய் நிற்பது. செய்தியைச் சொல்வது அதிகாரி, சாப்ளின் பக்கத்தில் நிற்பார். கதவைத் திறந்ததும், இரண்டு சீருடைகளில் ஒன்றில் சிலுவை இருப்பதைப் பார்த்ததும், வாய் திறக்கும் முன்பே வீட்டாருக்குத் தெரிந்துவிடும். இன்னொன்று நினைவு அஞ்சலி. முன்னால் ஒரு ஜோடி பூட்ஸ், குத்திட்டு நிற்கும் துப்பாக்கி, அதன் மேல் ஹெல்மெட். ஃபர்ஸ்ட் சார்ஜெண்ட் வருகைப்பதிவு எடுப்பார். ஒவ்வொருவராகப் பதில் சொல்வார்கள். பிறகு இறந்தவரின் பெயர். பதில் இல்லை. மறுபடியும், இந்த முறை இன்னும் முழுப் பெயராக. மூன்றாம் முறையும் யாரும் பேசமாட்டார்கள். அந்த அமைதிக்குப் பக்கத்தில் சாப்ளின் பேச வேண்டியிருக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் சொல்ல எதுவும் இல்லாமல் போனது இங்கே அவனுக்கு உதவலாம்.

பெரியவர் சொன்ன தாளை அவன் எழுதிவிட்டான். இரண்டு நாள் பிடித்தது. முதலில் எழுதியது ஒரு பக்கம் முழுக்க இருந்தது, கடைசியில் நாலு வரியாகச் சுருங்கியது. உறையில் போட்டு ஒட்டி, மெனனைட் தோழனிடம் கொடுத்திருக்கிறான். அவன் பிரிக்காமல் தன் கிரேக்க அகராதிக்குள் வைத்துக்கொண்டான். செப்டம்பரில் திரும்பி வந்ததும் எபிரெயு வகுப்பு. அதற்கான புத்தகத்தை மூத்த மாணவர் ஒருவரிடமிருந்து பாதி விலைக்கு வாங்கியாயிற்று, பூட்ஸ் இன்னும் பழகவில்லை, குதிகாலில் கடிக்கிறது.